விடிகாலை நாலு மணி, தோளில் தூங்கும் பிள்ளை... நெல்லை வீடுகளின் ஈஸ்டர்!

ஈஸ்டர் என்று கூகுளில் தேடினால் முயல் வரும், கலர் முட்டை வரும். பாளையங்கோட்டையில் வளர்ந்த ஒருத்தரிடம் கேட்டுப்பாருங்க... "மூணு மணிக்கே எழுப்பி விட்டுருவாங்க" என்றுதான் ஆரம்பிப்பார். இருட்டிலேயே குளிச்சு, புதுச்சட்டை மாட்டி, அப்பா தோளில் தூங்கிக்கிட்டே கோயிலுக்குப் போன ஞாபகம் அது. (நெல்லைக் கிறிஸ்தவர்கள் பலருக்கு சர்ச்சும் 'கோயில்'தான்.)

உங்கள் வீட்டில் மூணு முதல் ஏழு வயசுக்குள் ஒரு வாண்டு இருந்தால், அந்த வாரம் முழுக்கக் கேள்விகள் வரும். முதல் கேள்வி, "போன வருஷம் வேற தேதியில வந்துச்சே?" மார்ச் 21 அன்றோ, அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் மார்ச் 22-லிருந்து ஏப்ரல் 25-க்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். 2025-ல் ஏப்ரல் 20, 2026-ல் ஏப்ரல் 5, 2027-ல் மார்ச் 28. பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பும் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் பல வருஷங்களில் அதே நிலாதான் கணக்கு.

ஓலையில் ஆரம்பிக்கும் வாரம்

முந்தின ஞாயிறு, குருத்தோலை ஞாயிறு. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிச்ச நாள் இதுதான். ஆளுக்கொரு ஓலையைப் பிடிச்சுக்கிட்டுப் பவனி போகலாம், ஆராதனை நடக்கும்போதே ஓலையைக் கிழித்துச் சிலுவை முடையலாம். அந்தச் சிலுவையைச் சுவரில் மாட்டிவிட்டு, பச்சை ஓலை பழுப்பாகிறதைப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்க. கத்தோலிக்கக் கோயில்களில் பழைய ஓலைகளை எரித்த சாம்பலைத்தான் அடுத்த வருஷம் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுவார்கள்.

பெரிய வியாழன் இரவோடு கத்தோலிக்கக் கோயில்களில் மணிச்சத்தம் நின்றுவிடும். மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். 'ஏன் மணி அடிக்கலை?' என்று பிள்ளையே கேட்கும்வரை சும்மா இருங்க, நாமா விளக்குவதைவிட அது நல்லா மனசில் நிற்கும். பெரிய வெள்ளியன்று பல சி.எஸ்.ஐ கோயில்களில் பகல் 12-லிருந்து 3 மணிவரை நீளும் மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பிரசங்கம். நாலு வயசுப் பிள்ளை அவ்வளவு நேரம் உட்காராது, உட்காரவும் வேண்டாம். கடைசி அரை மணி நேரத்துக்குக் கூட்டிட்டுப் போனாலும் போதும். முடிந்ததும் பல ஊர்களில் கஞ்சியும் துவையலும் கொடுப்பார்கள்.

கத்தோலிக்கர்களுக்கு சனி இரவே ஈஸ்டர் வந்துவிடும். பாளையங்கோட்டை சவேரியார் பேராலயம் மாதிரியான கோயில்களில் விளக்கெல்லாம் அணைத்து, புதுத்தீ மூட்டி, பாஸ்கா திரியிலிருந்து ஒவ்வொருத்தர் மெழுகுவர்த்தியாக ஏற்றுவார்கள். நின்றுபோன மணிகள் மறுபடி அடிப்பதும் அந்தத் திருப்பலியில்தான். ஒரு சின்ன எச்சரிக்கை: நைலான் ஃப்ராக்கும் மெழுகுவர்த்தியும் சேரவே கூடாது. காட்டன் உடுப்பு போடுங்க, பிள்ளையின் திரியை நீங்க பிடிங்க.

சி.எஸ்.ஐ வீடுகளுக்கு விடியல்தான் ஈஸ்டர். ரேனியஸ் ஐயர் 1826-ல் கட்டிய, 'ஊசிக்கோபுரம்' என்று ஊரே சொல்லும் தூய திரித்துவப் பேராலயமானாலும் சரி, தேரிக்காட்டுச் சின்னச் சபையானாலும் சரி, வெளிச்சம் வருமுன்னே ஆராதனை ஆரம்பித்துவிடும். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலேயே கூடுவார்கள். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவிய இளைஞர்கள் 1732-ல் இப்படிக் கல்லறைகளுக்கு நடுவே விடியலுக்குக் காத்திருந்தார்கள்.

"ஆச்சியும் எழும்பி வருவாங்களா?"

போன வருஷம் ஆச்சி இறந்துபோன வீடு என்றால், கல்லறைப் பக்கம் நிற்கும்போது இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பெரியவங்க டக்குனு "ஆச்சி தூங்குறாங்கம்மா" என்று சொல்லிவிடுவோம். அதைச் சொல்லாதீங்க. அஞ்சாறு வயசுக்குக் கீழே, இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது முழுசாப் புரியாது. தூக்கம் என்று சொன்னால் சில பிள்ளைகள் ராத்திரி கண்ணை மூடவே பயப்படும், இல்லையென்றால் ஆச்சி எப்போ முழிப்பாங்க என்று தினமும் கேட்கும்.

நேரடியாச் சொல்லலாம். "ஆச்சி இறந்துட்டாங்க. அவங்க உடம்பு இனி வேலை செய்யாது, வலிக்காது. நாளைக்கு வீட்டுக்கு வரமாட்டாங்க. ஒருநாள் கடவுள் எல்லாரையும் எழுப்புவார்னு நாம நம்புறோம். அது எப்போன்னு எனக்கும் தெரியாது." 'நம்புறோம்', 'தெரியாது' இரண்டும் முக்கியம். அழுகை வந்தால் பிள்ளை முன்னாடியே அழுங்க, தப்பில்லை. ஆச்சி கல்லறையில் பூ வைக்கிற வேலையை அதன் கையில் கொடுங்க. வரமாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம்.

முட்டை? ஆசைப்பட்டால் செய்யலாம். தவக்காலத்தில் முட்டையை விலக்கிய ஐரோப்பிய வீடுகளில் தொடங்கிய பழக்கம் அது. வெங்காயத்தோல் போட்டு அவித்தால் செம்பழுப்பு, மஞ்சள்தூளும் கொஞ்சம் வினிகரும் சேர்த்தால் மஞ்சள். ஆனால் நம்ம ஏப்ரல் வெயிலில் அவித்த முட்டையை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீங்க. தேடி விளையாட பிளாஸ்டிக் முட்டையை ஒளிச்சு வைங்க, உள்ளே கடலை மிட்டாய்.

மதியம் மட்டன் குழம்பு கொதிக்கும்போது பிள்ளை அசந்து தூங்கியிருக்கும். எழுப்பாதீங்க, மூணு மணிக்கே எழும்பின பிள்ளை அது.