ஊர் பேர் மாறும், 695001 மாறாது

1991-ல கேரள அரசு 'ட்ரிவாண்ட்ரம்'ங்கிற பேரை அதிகாரபூர்வமா திருவனந்தபுரம்னு மாத்தினாங்க. தமிழ்ல நாம எப்பவும் அப்படித்தானே சொல்றோம், அது வேற விஷயம். ஆனா பழைய பேர் எழுதின கடுதாசியும் போய்ச் சேரும். காரணம், 1972 ஆகஸ்ட் 15-ல வந்த பின்கோடு. 695001-ல முதல் மூணு இலக்கம் தபாலைப் பிரிக்கிற வட்டாரம், கடைசி மூணு தபாலாபீஸ். பேர் மனுஷனுக்கு, எண் தபால்காரருக்கு.

வலைப்பக்க முகவரியின் வரலாறும் கிட்டத்தட்ட இதேதான். ஆரம்பத்துல ஒரு பக்கத்துக்கு ஒரு கோப்பு. டேட்டாபேஸ் வந்ததும் ஒரே நிரல் ஆயிரம் பக்கம் காட்டிச்சு. முகவரி கேள்விக்குறியும் எண்ணுமா மாறிடுச்சு. 1996-ல ரால்ஃப் எங்கல்ஷால் அப்பாச்சிக்கு எழுதின 'மாட்_ரீரைட்' அதை மறைச்சு, படிக்கிற மாதிரி முகவரி தந்தது. 2004-ல ரூபி ஆன் ரெயில்ஸ், 2005-ல ஜாங்கோ வெளிவந்தப்போ இந்த வேலை ஃப்ரேம்வொர்க்குக்குள்ளேயே வந்துடுச்சு. ஜாங்கோவுல முகவரி அச்சுகளை வரிசையா எழுதி வைக்கணும். மேலேர்ந்து ஒவ்வொண்ணா ஒப்பிட்டு, முதல்ல பொருந்துற அச்சுல மாறுற துண்டை எடுத்து உரிய ஃபங்ஷன்கிட்ட கொடுக்கும். அது டேட்டாபேஸ்ல தேடும். இல்லேன்னா 404.

துண்டு எண்ணா, பேரா? இங்கதான் வம்பு. பேரை மட்டும் நம்பினா, பேர் மாறின அன்னைக்குப் பழைய சுட்டியெல்லாம் செத்துப்போகும். கேரளத்துல 2009-ல ஐடி அட் ஸ்கூல் திட்டம் மீடியாவிக்கியில தொடங்கின ஸ்கூல்விக்கியில பள்ளிக்கூடத்தோட மலையாளப் பேரே முகவரி. மீடியாவிக்கியில தலைப்பை மாத்தினா பழைய தலைப்பு புதுசுக்கு வழிகாட்டும். அது ஒரு நல்ல தீர்வு.

நம்ம எழுத்துக்கு இன்னொரு தொல்லை உண்டு. 'திருவனந்தபுரம்' கணினிக்கு 14 குறியீடு. ஒவ்வொண்ணும் யுடிஎஃப்-8-ல 3 பைட். மெயில்ல சுட்டியை ஒட்டினா சதவீதக் குறியோட 126 எழுத்தா நீண்டு, நடுவுல உடையலாம்.

அதனால தமிழ்ச்சங்கம், ஊர்ச்சங்கம்னு தளம் நடத்துறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: முகவரியில எண்ணும் வைங்க, பேரும் வைங்க. தேடுறது எண்ணை வச்சு. பேர் பொருந்தலேன்னா 301 கொடுத்து சரியான பேருக்கு அனுப்புங்க. தளத்தைப் புதுசாக்கினாலும் பழைய எண்களைத் தொடாதீங்க. தாத்தா ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பத்தி நீங்க இன்னைக்கு மெயில்ல அனுப்பற சுட்டியை, பேரப்பிள்ளை இருபது வருஷம் கழிச்சு சொடுக்கலாம். அப்போ 404 வரக்கூடாது, அவ்வளவுதான்.