டி.பி. பெட்டி வரை போய்ப் பார்த்தவர்கள்

ஆனி, ஆடி வந்தால் நல்லேப்பிள்ளியில் லைன்மேனுக்குத் தூக்கம் கிடையாது. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் காற்று பனமட்டையையும் தென்னை ஓலையையும் தூக்கிக்கொண்டு வந்து கம்பிமேல் போடும். நான் தொலைபேசித் துறையில் சேர்ந்த 1980களில் இங்கே பல இடங்களில் உறையில்லாத வெறுங்கம்பிதான். இரண்டு கம்பி ஒட்டிக்கொண்டால் போதும், அந்த வீட்டில் ரிசீவரை எடுத்துவிட்டார்கள் என்று எக்ஸ்சேஞ்ச் முடிவுகட்டிவிடும். யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்ட். ஃபோனில் ஒரு பழுதும் இருக்காது. ஊரில் மட்டும் "லைன் டெட்டாயி" என்று பேச்சு பரவியிருக்கும்.

எக்ஸ்சேஞ்சுக்குக் கண் இல்லை. ஒவ்வொரு லைனிலும் 48 வோல்ட் வைத்துக்கொண்டு காத்திருக்கும். ரிசீவரை எடுத்தால் சுற்று மூடி மின்சாரம் ஓடும். அதை வைத்துத்தான் ஆள் வந்திருப்பதை அறியும். மழைநீர் கேபிள் ஜாயின்டில் இறங்கினாலும் மின்சாரம் ஓடும். அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. நாம் கூப்பிடும்போது காதில் கேட்கும் மணிச்சத்தம் எதிர்வீட்டு மணியுடையது என்று நம்பாதவர் குறைவு. அது எக்ஸ்சேஞ்ச் போடும் சத்தம். வழியில் கம்பி அறுந்து கிடந்தாலும் கூப்பிட்டவருக்கு அது கேட்டுக்கொண்டே இருக்கும். வயலோர வீட்டுப் பாட்டி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மணி அடிச்சுட்டே இருந்துச்சு, நீ எடுக்கலையேன்னு பையன் கோவிச்சுக்கறான் தம்பி. நான் திண்ணைய விட்டு எந்திரிக்கவே இல்லீங்க." போஸ்டிலிருந்து வீட்டுக்குப் போகும் டிராப் வயர் தென்னைமரத்தடியில் அறுந்து கிடந்தது. மகனிடம் நானே பேசி விளக்கினேன். ஒரு குடும்பத்துக்குள் வரவிருந்த மனத்தாங்கலைக் கம்பி முடிச்சு ஒன்று தீர்த்தது என்பதில் இன்றும் எனக்கு நிறைவு உண்டு.

மூத்தவர்கள் கற்றுக்கொடுத்த முறை எளிது. எக்ஸ்சேஞ்சில் எல்லா லைனும் வந்து சேரும் எம்.டி.எஃப்., பிறகு தெருவில் பில்லர் என்ற இணைப்பு அலமாரி, பிறகு வீடுகளுக்கு லைன் பிரியும் டி.பி. பெட்டி, பிறகு டிராப் வயர், கடைசியில் ஃபோன். பில்லரில் சோதனை ஃபோனை மாட்டு. அங்கே டோன் வந்தால் எக்ஸ்சேஞ்ச் பக்கத்தை மற. மீதிப் பாதியில் தேடு. புகாரில் என்ன எழுதியிருந்தாலும், வழியில் நின்று காதால் கேட்காமல் எதையும் செத்தது என்று சொல்லக் கூடாது.

1986இல் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் தயாரித்த 128 லைன் கிராம எக்ஸ்சேஞ்ச் கர்நாடகத்தின் கிட்டூரில் முதன்முதலாக வந்தது. ஏ.சி. அறை வேண்டாத அந்தப் பெட்டிகளால் கிராமங்களுக்கு ஃபோன் வந்தது. அதைச் சாதனை என்றே சொல்வேன். ஆனால் பழுதைத் திரையே சொல்லத் தொடங்கிய பின், கம்பி வழியே நடக்கும் பழக்கம் குறைந்தது.

நான் ஓய்வு பெற்றபின் பக்கத்து ஊரில் ஒரு பால் சங்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண், "சர்வர் போயிருச்சு மாமா, ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு" என்றாள். திரையில் சிவப்பு: டிஸ்கனெக்டட். நான் நேரே பின்னறைக்குப் போனேன். மின்விசிறி சுற்றியது, கேபிள் முனை விளக்கு மினுக்கியது, அன்று காலை ஊற்றிய பால் கணக்கு முழுவதும் பதிவாகியிருந்தது. சர்வரின் தேதி மட்டும் பல வருடம் பின்னால் இருந்தது. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பியிருக்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சர்வர் சொல்லிக்கொண்டேதான் இருந்தது, தன் நேரத்தையும் சேர்த்து. கவுண்டர் திரை அந்தத் தேதியைப் படித்துவிட்டு, இது வருடக்கணக்கில் பேசவில்லை என்று தீர்ப்பெழுதிவிட்டது.

இந்தக் குழப்பம் கம்ப்யூட்டர் உலகத்துக்கும் பழையது. அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய 'பிங்', "இருக்கிறாயா?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் சின்ன நிரல். நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் ஒலியின் பெயர் அதற்கு. பதில் வராவிட்டால் சர்வர் இல்லை என்று ஆகாது. நடுவில் உள்ள ஃபயர்வால் கேள்வியையே தடுத்திருக்கலாம். எதிர்முனை செத்ததா, தாமதிக்கிறதா என்று தூரத்திலிருந்து பிரித்தறிய முடியாத நிலையில், ஒரு கணினி நின்றுபோனாலே மற்றவை நிச்சயமாக ஒரே முடிவுக்கு வர வழியில்லை என்று ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் 1985இல் நிறுவினார்கள். 1989இல் இணையத்துக்கு விதி வகுத்தவர்களும், சும்மா இருக்கும் இணைப்பை அடிக்கடி தட்டிப் பார்த்தால் நொடிநேரத் தடங்கலில் நல்ல இணைப்பே அறுபடும் என்று அஞ்சி, யாரும் மாற்றி வைக்காதவரை தானாகத் தட்டும் இடைவெளி 2 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்றார்கள். படித்தபோது எங்கள் மூத்த லைன்மேன்களின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

நேரத்தைச் சரிசெய்தேன். அடுத்த நிமிடமே திரை பச்சையானது. மாலைப் பால் எடுத்து முடிந்தபின் சர்வரை முறையாக அணைத்துப் பேட்டரியை மாற்றினேன். பேட்டரி மாற்றிய தேதியை அந்தப் பெண் ஒரு தாளில் எழுதி சர்வரின் பக்கவாட்டில் ஒட்டினாள். பில்லர் கதவின் உட்புறத்தில் எந்தக் கம்பி ஜோடி யார் வீட்டுக்கு என்று நாங்கள் எழுதி வைத்ததும் அதே போலத்தான்.