பந்தய விதியும் வீட்டுக் காடியும்



காடிப் பந்தயம் என்றால் ஓட்டுகிறவரின் துணிச்சலைத்தான் நாம் பேசுவோம். எப்படிப்பட்ட காடி ஓடலாம் என்று எழுதி வைத்த விதியை யார் பேசுகிறார்கள்? ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு விதி அமைச்சர் வரைக்கும் போய்விட்டது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பாதர்ஸ்ட் என்று ஓர் ஊர். அங்கே மவுண்ட் பனோரமா என்னும் குன்றில் ஏறி இறங்கும் சாலையில் 1963 முதல் 500 மைல் பந்தயம் நடந்தது. கடையில் யாரும் வாங்கக்கூடிய காடிதான் ஓட வேண்டும்; பட்டறையில் தனியாகச் செய்து கொண்டுவரக் கூடாது. இதுதான் விதி. நியாயம்தானே! 1966-இல் சின்னஞ்சிறு மினி கூப்பர் எஸ் காடிகள் முதல் ஒன்பது இடங்களையும் அள்ளிக்கொண்டு போயின.

நம்ம பள்ளிச் சாக்கோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி சாக்கு என்றாலும், மூலையில் ஓட்டை போட்டுக்கொண்டு வருகிற பயல்கள் இல்லையா? கம்பெனிக்காரர்களும் அப்படித்தான். பந்தயக் காடியைக் கொண்டுவரக் கூடாதா? சரி, அதையே கடையில் வைத்து விற்றுவிடுவோம் என்றார்கள்!

ஃபோர்டு கம்பெனி 1971-இல் ஃபால்கன் ஜி.டி.எச்.ஓ. மூன்றாம் வரிசைக் காடியை விற்றது. செய்தது சுமார் 300 தான். நாலு கதவு, பார்த்தால் பிள்ளைகுட்டிகளோடு கோயிலுக்குப் போகிற குடும்பக் காடி. உள்ளே எட்டு சிலிண்டர், 5.8 லிட்டர் எஞ்சின். அடிக்கடி நின்று எண்ணெய் ஊற்றாமல் இருக்க 36 காலன் தொட்டி. வேகமோ மணிக்கு 140 மைல்! அந்த ஆண்டு ஆலன் மொஃபட் அதை ஓட்டி ஜெயித்தார். ஃபோர்டு அடுத்த வரிசைக்குத் தயாரானது. ஹோல்டன் கம்பெனியும் தன் சிறிய டொரானா காடிக்குள் எட்டு சிலிண்டரை வைக்கப் பார்த்தது.

1972 ஜூன் மாதம், 160 மைல் வேகக் காடிகள் வீதிக்கு வரப்போவதாகச் சிட்னிப் பத்திரிகை ஒன்று முதல் பக்கத்தில் போட்டது. மாநிலப் போக்குவரத்து அமைச்சர் மில்டன் மோரிஸ் கடுமையாக எதிர்த்தார். எதிர்க்காமல் என்ன செய்வார்? காசு கட்டினால் போதும், நேற்று லைசென்ஸ் எடுத்த இளைஞனும் அதை ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். அதே ரோட்டில்தானே ஊரார் பிள்ளைகள் நடக்கின்றன! பத்திரிகை கொஞ்சம் கூட்டி எழுதியிருக்கலாம். ஆனாலும் பயம் நியாயமானது. சில நாட்களில் கம்பெனிகள் பின்வாங்கின. ஃபோர்டின் நாலாம் வரிசை கடைக்கு வரவேயில்லை. அந்த ஆண்டுப் பந்தயத்தில், ஆறு சிலிண்டர் டொரானாவில் பீட்டர் பிராக் முந்தினார்.

குற்றம் காடியில் இல்லை, விதியில் என்பதே என் எண்ணம். நல்லதை நினைத்துப் போட்ட விதியே பந்தயத்தை வீதிக்கு இழுத்து வந்தது. 1973-இல் அதை மாற்றினார்கள். பந்தயத்துக்கு வேண்டிய மாற்றங்களைப் பந்தயக் காடியில் மட்டும் செய்துகொள்ளலாம், வீதிக் காடியில் விற்க வேண்டியதில்லை என்றானது. பந்தயமும் 1000 கிலோமீட்டராக நீண்டது.

அந்த மூன்றாம் வரிசைக் காடி ஒன்று 2018-இல் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஏலம் போனது. பந்தயம் இல்லாத நாளில் மவுண்ட் பனோரமா இன்றும் பொதுச்சாலைதான். அங்கே வேக வரம்பு 60 கிலோமீட்டர்.