ஒரு சொல்லின் வீழ்ச்சி

மனித வாழ்வில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருதல் போலச் சொற்களின் வாழ்விலும் வருவதுண்டு. முன்பு நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று தீய மணத்தையே குறிக்கிறது. முன்பு கள்ளுண்டு மயங்கும் நிலையைக் குறித்த 'களிப்பு' இன்று தூய மகிழ்ச்சியைக் குறிக்கிறது. முன்னதை இழிபொருட்பேறு என்றும், பின்னதை உயர்பொருட்பேறு என்றும் மொழிநூலார் வழங்குவர். மணத்தைக் குறித்த சொல் தாழ்ந்தால் மணத்திற்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் ஒரு மக்கட் கூட்டத்தைக் குறித்த சொல் தாழ்ந்தால், அக்கூட்டத்திற்கு நேர்ந்தது யாது என்று நாம் கேட்டே ஆக வேண்டும். அத்தகைய ஆங்கிலச் சொல் ஒன்றன் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஆங்கிலத்தில் 'சர்ல்' என்றொரு பழஞ்சொல் உண்டு. இன்று அது வழக்கில் அருகிவிட்டது. அதிலிருந்து பிறந்த 'சர்லிஷ்' என்னும் பண்புச்சொல்லே எழுத்தில் பெரிதும் வாழ்கிறது. பிறர் அன்போடு அளிப்பதை முகஞ்சுளித்து மறுப்பவனையும், நன்றி பாராட்டத் தெரியாதவனையும் அச்சொல்லால் சுட்டுவர். அகராதியைப் புரட்டினால் முரடன், நாகரிகமற்றவன், கஞ்சன் என்னும் பொருள்களையே காண்கிறோம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே சொல், சட்டத்தின் முன் தலைநிமிர்ந்து நின்ற ஒரு குடிமகனின் பெயராக இருந்தது.

சட்டம் போற்றிய குடியானவன்

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் வடிவம் 'செயொர்ல்' என்பதாகும். ஆண்மகன், கணவன், அடிமையல்லாத குடியானவன் என்னும் மூன்று பொருள்களை அது தந்தது. ஒரு பெண் கணவனைக் கொள்ளுதலை உணர்த்தும் வினைச்சொல் ஒன்றும் இதன் அடியாகவே பிறந்திருந்தது. இழிவின் நிழல் கூட அதன்மேல் படியாதிருந்த காலம் அது.

ஆங்கில மொழியில் எழுதப்பட்ட சட்டங்களுள் மிகப் பழையது, கென்ட் நாட்டை ஆண்ட ஏதல்பெர்ட் மன்னன் கி.பி. 600ஐ ஒட்டி வகுத்ததாகும். மன்னனுக்கும் பிரபுவுக்கும் போலவே குடியானவனுக்கும் தன் இல்லத்தில் காப்புரிமை உண்டு என அச்சட்டம் ஏற்றுக்கொண்டது. மன்னனின் காப்பை மீறினால் 50 சில்லிங்கு தண்டம். குடியானவனின் காப்பை மீறினால் 6 சில்லிங்கு தண்டம். தொகையில் ஏற்றத்தாழ்வு பெரிது என்பது உண்மையே. எனினும், உரிமை என்ற ஒன்று அவனுக்கு இருந்தது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் வெசெக்ஸ் நாட்டு மன்னன் ஈனே வகுத்த சட்டங்கள் இன்னும் தெளிவானவை. ஒருவன் கொலையுண்டால் அவன் சுற்றத்தார்க்குக் கொடுக்க வேண்டிய உயிர்விலை, குடியானவனுக்கு 200 சில்லிங்கு என்றும் உயர்குடியினனுக்கு 1,200 சில்லிங்கு என்றும் அங்கு வரையறுக்கப்பட்டிருந்தது. அதே சட்டம், குடியானவன் தன் மனையைக் கோடையிலும் குளிரிலும் வேலியிட்டுக் காக்க வேண்டும் என்கிறது. வேலியில் அவனே விட்ட இடைவெளி வழியே அயலான் மாடு புகுந்து மேய்ந்தால், அவன் இழப்பீடு கேட்க முடியாது. உரிமை உள்ளவனுக்கே பொறுப்பும் உண்டு. அடிமையைப் பார்த்து எவரும் இவ்வாறு சட்டம் பேசுவதில்லை.

அவன் உயரவும் வழி இருந்தது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யார்க் நகரப் பேராயர் உல்ஃப்ஸ்டனோடு தொடர்புடைய ஓர் ஆவணம், ஐந்து 'ஹைடு' நிலமும் தேவாலயமும் மணிக்கூண்டும் அரசவையில் ஒரு பணியும் பெற்ற குடியானவன், 'தெயின்' என்னும் உயர்குடித் தகுதிக்கு உரியவன் ஆவான் என்று கூறுகிறது. கி.பி. 991ஆம் ஆண்டு மால்டன் என்னுமிடத்தில் வைக்கிங் படையோடு நடந்த போரைப் பாடும் பழம்பாடலில், தலைவன் வீழ்ந்த பின்னும் ஈட்டியை உயர்த்திப் பின்வாங்காதீர் என முழங்கும் வீரருள் ஒருவன், டன்னரே என்னும் எளிய குடியானவன். புலவன் அவனைச் செயொர்ல் என்றே குறிக்கிறான். அதனை இழிவாகக் கருதவில்லை.

இச்சொல்லின் உறவுகளும் நோக்கத்தக்கவை. இதற்கு இனமான 'கார்ல்' என்னும் செர்மானியச் சொல் ஆட்பெயராயிற்று. கி.பி. 800இல் பேரரசனாக முடிசூடிய சார்லமேன் அப்பெயரைத் தாங்கியவன். அவன் புகழ் எத்துணைப் பரந்ததெனில், அவன் பெயரே போலந்து, செக், ரஷ்ய மொழிகளில் அரசன் என்னும் பொருள் தரும் சொல்லாக மாறிற்று. ஒரே வேரில் கிளைத்த இரு சொற்களுள் ஒன்று அரியணை ஏறிற்று. மற்றொன்று வசைச்சொல்லாக வீழ்ந்தது.

வீழ்ச்சியின் காரணம்

கி.பி. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். ஆட்சியும் நிலமும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசும் பிரபுக்கள் கைக்கு மாறின. 1086இல் எடுக்கப்பட்ட 'டூம்ஸ்டே' கணக்கேட்டில் பதியப்பெற்ற குடிகளில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர் 'வில்லானி' என்னும் இலத்தீன் பெயரில் காணப்படுகின்றனர். 'வில்லா' என்பது பண்ணையையும் சிற்றூரையும் குறிக்கும்; ஆதலின் வில்லானி என்றால் ஊரார் என்பதே பொருள். அடுத்த நூற்றாண்டில் இவர்களின் நிலை மேலும் இறங்கிற்று. பிரபுவின் நிலத்தில் வாரத்தில் சில நாள் ஊதியமின்றி உழைக்க வேண்டும். மகளுக்கு மணம் முடிக்கவும் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். பிரபு தீங்கிழைத்தால் மன்னன் நீதிமன்றத்தில் முறையிட இயலாது. பழைய செயொர்லின் வழிவந்தோரில் பெரும்பாலோர் இந்நிலைக்கே தள்ளப்பட்டனர்.

மனிதன் வீழ்ந்தான்; சொல்லும் உடன் வீழ்ந்தது. உரிமையற்றவன் என்னும் பொருள் முதலில் வந்தது. பண்பற்றவன் என்னும் பொருள் அதன் பின்னே வந்து ஒட்டிக்கொண்டது. ஒருவனது நிலையைக் குறித்த சொல் அவனது குணத்தைக் குறிப்பதாக மாறும் இப்போக்கினை, சி. எஸ். லூயிஸ் என்னும் அறிஞர் 1960இல் வெளியிட்ட சொல்லாய்வு நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். உழுபவனின் பெயர்கள் பலவற்றுக்கும் இக்கதியே நேர்ந்தது. ஊரார் என்னும் பொருள் கொண்ட அந்த 'வில்லன்', கொடியவன் ஆனான். தமிழ்த் திரைப்படம் காணும் சிறுவரும் அறிந்த வில்லன், தொடக்கத்தில் ஒரு பாவப்பட்ட பண்ணைக் குடியானவனே! உழவனைக் குறித்த மற்றொரு சொல்லான 'பூர்' என்பதும் நாகரிகமற்றவன் என்னும் பொருளை அடைந்தது. ஆயினும், அண்டை வீட்டாரைக் குறிக்கும் 'நெய்பர்' என்னும் சொல்லுக்குள் அந்தப் பழைய குடியானவன் இன்றும் மதிப்போடு குடியிருக்கிறான்.

மறுபுறம் பார்ப்போம். இன்று வீரப்பெருமகனைக் குறிக்கும் 'நைட்' என்னும் சொல், பழைய ஆங்கிலத்தில் சிறுவனையும் ஏவலாளனையுமே குறித்தது. செர்மன் மொழியில் அதன் இனச்சொல் இன்றும் வேலையாளையே குறிக்கிறது. பிரபுவுக்கு ஏவல் செய்தவன் குதிரை ஏறி வாளேந்தியதும் அவன் பெயர் உயர்ந்தது. நிலத்தை உழுது பிரபுவுக்குச் சோறிட்டவன் பெயர் தாழ்ந்தது. ஏவலன் குணத்தில் சிறந்தவன், உழவன் குணத்தில் கெட்டவன் என்று எவரும் ஆராய்ந்து முடிவு செய்யவில்லை. எழுதுகோலும் நீதிமன்றமும் எவர் கையில் இருந்தனவோ, அவர்தம் பார்வையே சொல்லின் பொருளாயிற்று.

எழுந்த எதிர்ப்பும் எஞ்சிய வசையும்

1348இல் இங்கிலாந்தை எட்டிய கொள்ளைநோய் மக்களில் பெரும்பகுதியினரைப் பலிகொண்டது. உழைக்கும் கைகள் அருகின, கூலி உயர்ந்தது. அதனைத் தடுக்க 1351இல் ஆள்வோர் சட்டமியற்றினர். அடக்குமுறையும் தலைவரியும் சேர்ந்து 1381இல் பெருங்கிளர்ச்சி வெடித்தது. வாட் டைலர் முதலானோர் தலைமையில் இலண்டனுள் நுழைந்த குடியானவர்கள், பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும் என்று மன்னன் இரண்டாம் ரிச்சர்டிடம் நேருக்கு நேர் கேட்டனர். மன்னன் இசைந்தான், மறுநாள் வாட் டைலர் கொல்லப்பட்டான், பின்னர், கொடுத்த வாக்கும் திரும்பப் பெறப்பட்டது.

அக்காலத்தே இலண்டனில் வாழ்ந்த பெருங்கவிஞர் சாசர், தம் 'கேன்டர்பரிக் கதைகளில்' இச்சொல்லை இருவகையாக ஆள்கிறார். மாவரைக்கும் ஆலைக்காரன் ஒரு சர்ல், அவன் கதையும் அத்தகையதே என்று ஓரிடத்தில் நகையாடுகிறார். அதே நூலின் இறுதியில் பேசும் ஊர்ப்பாதிரியாரோ, சர்லும் பிரபுவும் ஒரே வித்திலிருந்து முளைத்தவர்கள் என்கிறார். சொல் தாழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே அதனை மறுத்த குரலும் இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் பண்ணையடிமை முறை தானே தேய்ந்து மறைந்தது. ஆனால் அதனால் பிறந்த வசை மறையவில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஜூலியட், தனக்கு ஒரு துளியும் வைக்காமல் நஞ்சு முழுவதையும் பருகி மாண்ட ரோமியோவைச் செல்லமாகச் 'சர்ல்' என்கிறாள். அங்கே அதன் பொருள் கஞ்சன் என்பதாகும். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், மூவாயிரம் ஆடுகளும் ஆயிரம் வெள்ளாடுகளும் உடைய நாபால் என்னும் பெருஞ்செல்வனுக்கு இச்சொல்லின் பண்புவடிவமே அடைமொழியாகிறது. பசித்து வந்தோர்க்கு உணவளிக்க மறுத்தவன் அவன். ஏழை உழவனின் பெயரைக் கொண்டே பணக்காரனின் கருமித்தனத்தைத் திட்டுவதைவிட விந்தை வேறு உண்டோ?

ஊர்ப்பெயர்கள் மட்டும் பழைய உண்மையை மறக்கவில்லை. இலண்டனில் காற்பந்துக் குழுவால் புகழ்பெற்ற சார்ல்டன் என்னும் பகுதி, 'செயொர்ல்களின் ஊர்' என்னும் பொருளுடையது. அங்கே எவரும் தம் ஊர்ப்பெயருக்காக நாணுவதில்லை.

கடல் கடந்த கதை

இது ஆங்கிலேயரின் உள்நாட்டு வரலாறு மட்டுமன்று. உழைப்பவன் பெயரை வசையாக்கும் போக்கு, ஆங்கில ஆட்சி பரவிய நாடுகளிலும் தலைகாட்டிற்று. அதற்கு இரையான சொற்களுள் ஒன்று நம்முடையதாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் வழங்கும் 'கூலி' என்னும் சொல் குஜராத்தின் கோலி இனப்பெயரிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார். தமிழில் உழைப்பின் ஊதியத்தைக் குறிக்கும் கூலியிலிருந்து வந்தது என்பார் மற்றொரு சாரார். 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இரு கருத்துகளையும் பதிந்துள்ளது. மூலம் எதுவாயினும், 1834 முதல் மொரீசியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் ஒப்பந்தத்தில் கப்பலேறிய மக்கள்மீது அச்சொல் முத்திரையாகக் குத்தப்பட்டது. 1893இல் தென்னாப்பிரிக்காவில் கால்வைத்த காந்தியடிகளும் 'கூலி வழக்கறிஞர்' என்றே அழைக்கப்பட்டார். ஊதியத்தைப் பெற்றவனின் பெயர், முதலில் ஓர் இனத்தின் பெயராகவும், பின்னர் ஒரு வசையாகவும் ஆயிற்று. சர்ல் நடந்த அதே பாதை இது.

மலாயாவிலும் நம் முன்னோர் சஞ்சிக்கூலிகளாக வந்தனர். ஒப்பந்தத்தைக் குறிக்கும் 'ஜஞ்சி' என்னும் மலாய்ச் சொல்லே சஞ்சி ஆயிற்று. சஞ்சி முறை 1910இல் நின்றது. கங்காணி முறையில் ஆள் அனுப்புவதை இந்தியா 1938இல் தடுத்தது. முறைகள் மறைந்தன. எனினும் 'தோட்டத்துக் கூலியின் பிள்ளை' என்று தம்மைச் சொல்லிக்கொள்ளக் கூசுவோர் நம்மிடையே இன்னும் உளர். அக்கூச்சம் அவர்கள் தாமே ஈட்டியதன்று. பிறர் கணக்கேட்டிலிருந்து அவர்கள் நெஞ்சில் ஏறியது.

திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், உடல் வருந்த உழைத்தவனுக்கு முயற்சி தரும் பயனைக் குறிக்கக் கூலி என்னும் சொல்லையே தேர்ந்தார். தெய்வம் கைவிட்ட இடத்திலும் கைவிடாதது அந்தக் கூலி என்பது அவர் கருத்து. அச்சொல் நம் மொழியில் அத்துணை உயர்ந்த இடத்தில் வீற்றிருக்கிறது.

ஆங்கிலேயக் குடியானவன் தன் பெயரை மீட்கவில்லை. அவன் உரிமைகள் மீண்ட போதிலும் சொல் வசையாகவே நின்றுவிட்டது. ஏனெனில் அவன் கதையைப் பிறரே எழுதினர். எழுதுகோல் இன்று நம் கையிலும் உண்டு. காடழித்துப் பால்மரம் வெட்டியவர்களையும், சாலையும் இருப்புப்பாதையும் இட்டவர்களையும் எச்சொல்லால் எழுதுகிறோம், எத்தொனியில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தே நாளைய அகராதியின் பொருள் அமையும். அப்பொருளை எழுதும் கடமை நமக்கு உண்டு.