சக்கரம் ஏன் ஆடுது?



ஹாஸ்டல் நாட்களில் ராத்திரி ரயிலில் ஊருக்குப் போகும்போது, மேல் பெர்த்தில் இடதும் வலதுமாக ஆடிக்கொண்டே தூங்கியது ஞாபகம் இருக்கும். "தண்டவாளம் சரியில்லைப்பா" என்போம். ஒரு காலத்தில் ஜப்பானின் ரயில்வே இன்ஜினியர்கள் பலரும் இப்படித்தான் நினைத்தார்கள். இல்லை என்று காட்டியவர், விமானத்துறையிலிருந்து வந்த ஒருவர்.

ரயில் சக்கரம் சீரான உருளை அல்ல. உள்விளிம்புப் பக்கம் பெருத்து, வெளிப்பக்கம் சிறுத்திருக்கும். இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகியவை. அச்சு இடப்பக்கம் நகர்ந்தால், இடச்சக்கரம் பெருத்த பாகத்தில் உருண்டு கூடுதல் தூரம் போகும்; அச்சு தானே வலப்பக்கம் திரும்பும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடுவில் நிற்காதே! அந்தப் பக்கம் போய், மறுபடி இந்தப் பக்கம் வரும். இந்த நெளிவின் அலைநீளத்தை 1883-ல் கிளிங்கல் என்ற ஜெர்மானியர் கணக்கிட்டார். வேகம் குறைவென்றால் ஆட்டம் அடங்கிவிடும். ஓர் எல்லையைத் தாண்டினால் வளர்ந்துகொண்டே போய், விளிம்பு தண்டவாளத்தில் மோதும். இன்ஜினியர்கள் இதை 'ஹன்டிங்' என்பார்கள். ஜப்பானியர் 'பாம்பு நெளிவு' என்கிறார்கள்.

ததாஷி மட்சுதைரா ஜப்பான் கடற்படையின் விமானப் பொறியாளர். 1941-ல் ஜீரோ போர்விமானம் ஒன்று வானிலேயே சிதறி, விமானி இறந்தார். இறக்கை தானே நடுங்கி, நடுக்கம் வளர்ந்து முறியும் 'ஃப்ளட்டர்' பற்றி ஆராய்ந்தவர் இவர். 1945-ல் போர் முடிந்தது. விமான வேலைக்கே தடை. ரயில்வே ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். ஆடும் போகியைப் பார்த்தவருக்குப் பழைய இறக்கைதான் தெரிந்தது! "தண்டவாளம் எவ்வளவு நேராக இருந்தாலும் இது வரும், கோளாறு வண்டியின் அமைப்பில்தான்" என்பது அவர் வாதம். பலர் ஏற்கவில்லை. உருளைகள் மேல் ஓட்டிச் சோதித்துக் காட்டினார்.

பலன்? ஷின்கான்சென் சக்கரத்தின் சரிவு 40-க்கு 1 என்று குறைந்தது. அச்சுகளை அளவான விறைப்போடு பிடித்தார்கள். காற்று ஸ்பிரிங் வந்தது. 1963 மார்ச்சில் சோதனை வண்டி 256 கி.மீ. வேகம் தொட்டது. 1964 அக்டோபர் 1-ல் டோக்கியோ–ஒசாகா பாதையில் மணிக்கு 210 கி.மீ. வேகத்தில் பயணிகள் வண்டி ஓடியது.

ஆனாலும் ஆட்டம் ஒழிந்துவிடவில்லை. ஓடி ஓடித் தேய்ந்த சக்கரத்தின் வடிவம் மாறினால் திரும்பி வரும். அதனால்தான் இன்றும் சக்கரங்களை லேத்தில் ஏற்றிக் கடைகிறார்கள்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, படித்தது ஒன்று, கிடைத்த வேலை வேறொன்று என்று வருந்தாதீர்கள். மட்சுதைராவுக்கும் அதுதான் நடந்தது.