துணைக்கருவிகள் சொல்லும் சான்று

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு அம்மன்னன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்பது மரபு. அங்கிருந்த கருவிகள் அணி செய்யப்பெற்று, நெய் பூசப்பெற்று மின்னின. தம் தலைவனுடைய கருவிகளோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவர் பாடினார். புறநானூற்றின் 95-ஆம் பாடலாகிய இதனை வஞ்சப் புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக வகுப்பறையில் நடத்துகிறோம். பழம்படைக்கலங்களை ஆராய்வோர்க்கு இப்பாடல் மற்றுமொரு பாடத்தையும் கற்பிக்கிறது. ஒரு கருவி போர் கண்டதா என்பதற்குப் பளபளப்புச் சான்றாகாது. தேய்வும் சிதைவுமே சான்று.

அத்தொண்டை நாட்டுப் பகுதியிலேயே நம் ஆரணியும் அமைந்துள்ளது. கமண்டல நாகநதிக் கரையில் தறியொலி கேட்கும் இவ்வூரில் பதினெட்டாம் நூற்றாண்டில் இருமுறை துப்பாக்கியொலி கேட்டது. ஆற்காட்டு முற்றுகை நீங்கிய பின், 1751 டிசம்பர் 3 அன்று, மராத்தியக் குதிரைப்படையின் துணையுடன் இராபர்ட் கிளைவ் ஈண்டுச் சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபையும் அவனுக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையையும் வென்றார். 1782 ஜூன் 2 அன்று ஐதர் அலியும் தளபதி அயர் கூட்டும் இங்கே மோதினர். அக்காலத்தில் ஐதரின் உணவுப் பொருளும் போர்த் தளவாடங்களும் ஆரணியிலேயே சேமித்து வைக்கப்பட்டிருந்தன.

இத்தகைய மண்ணில் பழைய துப்பாக்கிகளைப் பற்றிய பேச்சு எழுவது இயல்பே. எனினும் முழுத் துப்பாக்கியைக் காட்டிலும் அதன் துணைக்கருவிகளே எளிதில் கைமாறுகின்றன. வெடிமருந்துக் குடுவை, ஈயக்குண்டு வார்க்கும் அச்சு, மருந்தைக் குழலுள் இடிக்கும் கோல், சக்கிமுக்கிக் கல், குதிரைச் சேணத்தின் இருமருங்கும் தொங்கும் தோலுறை ஆகியவை அவை. சிறியவை ஆதலின் வீட்டுப் பொருள்களோடு கலந்துவிடுகின்றன. பெயரறியாதார் கையில் பழைய பித்தளையாகவும் இரும்பாகவும் எடைக்குப் போகின்றன. இவற்றின் மெய்ம்மையை எவ்வாறு காண்பது?

நம் ஊர் நெசவாளர்க்கு இக்கலை புதிதன்று. நூலைக் கொளுத்தி, மயிர் கருகும் மணம் வருகிறதா என்று பார்ப்பர். சரிகையைச் சுரண்டி உள்ளிழையை நோக்குவர். மேற்பரப்பை நம்பாது உள்ளீட்டை வினவும் இம்முறையே படைக்கல ஆய்வுக்கும் அடிப்படையாகும்.

முதலாவது, காலப் பொருத்தம். கிழக்கிந்தியக் கம்பெனியின் துப்பாக்கி விசைத்தகட்டில் இதய வடிவுள் எழுத்துகள் அமைந்த வணிக முத்திரை முதலில் பொறிக்கப்பட்டது. 1808-ஐ ஒட்டி அதன் இடத்தில் நிமிர்ந்த சிங்க முத்திரை வந்தது. எனவே சிங்கம் பொறித்த கைத்துப்பாக்கியை 1782-ஆம் ஆண்டு ஆரணிப் போரோடு தொடர்புபடுத்தினால் அக்கதை பொய்யாகும். திப்பு சுல்தானின் கருவிகளில் ஆண்டு, அவர் வகுத்த மௌலூதி முறையில், இலக்கங்கள் வலமிருந்து இடமாகப் படிக்குமாறு அமைந்திருக்கும். கிறித்தவ ஆண்டைப் பொறித்துத் 'திப்புவின் துப்பாக்கி' என விற்பவன், தன் பொய்யைத் தானே எழுதி வைத்தவன் ஆகிறான். தீபாவளிக்குச் சிறுவர் வெடிக்கும் கேப்பின் முன்னோடியான செப்புக் கேப்பு, ஆங்கிலப் படையில் 1840-ஐ ஒட்டியே பரவியது. ஆதலின் கேப்பு வைக்கும் தோற்பையும் ஐதர் காலத்ததாக இருத்தல் இயலாது.

இரண்டாவது, அளவுப் பொருத்தம். அச்சில் வார்த்த குண்டு குழலின் உள்விட்டத்தைவிடச் சற்றே சிறிதாதல் வேண்டும். பெரிதாயின் அந்த அச்சு அந்தத் துப்பாக்கிக்கு உரியதன்று. இடிகோலின் நீளமும் குழலின் நீளமும் ஒத்திருத்தல் வேண்டும். பிற்காலத்தார் இணைத்து விற்கும் 'முழுத் தொகுதிகள்' பல இவ்விடத்தில் அகப்பட்டுக்கொள்கின்றன.

மூன்றாவது, தேய்வு. கை பட்ட இடம் மழுங்கியும் படாத இடம் கூர்மையாகவும் இருப்பது இயற்கை. எங்கும் ஒரே சீராகப் படர்ந்த துரு, அமிலத்தின் வேலையோ என ஐயுறத்தக்கது.

இம்மூன்றும் ஒத்த பின்னரும் ஓர் எச்சரிக்கை வேண்டும். முத்திரை ஒரு கருவியைச் செய்தவரைக் காட்டும், ஏந்தியவரைக் காட்டாது. இதற்கு ஆரணிப் போரே சான்று. 1751 வெற்றிக்குப் பின் எதிரணிச் சிப்பாய்கள் பலர் கிளைவிடம் வந்து சேர்ந்தனர். அவர்களுள் நல்ல துப்பாக்கிகளுடன் வந்த 600 பேரைத் தேர்ந்து அவர் தம் படையில் சேர்த்துக்கொண்டார். பிரெஞ்சுக்காரர் கொடுத்த கருவி ஒரே நாளில் கம்பெனியின் கருவியாயிற்று. அதைத் தாங்கிய தோள் மட்டும் மாறவில்லை. சக்கிமுக்கிக் கல்லின் நிலையும் இதுவே. தேன் நிறக் கல் பிரான்சிலும் கருநிறக் கல் இங்கிலாந்தின் பிராண்டனிலும் வெட்டப்பட்டவை என்பர். ஆயின் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக் கற்களை வாங்கிப் பயன்படுத்தினர். ஆதலின் தேன் நிறக் கல் ஒன்று வயலில் கிடைத்தால் அதனைப் பிரெஞ்சு வீரனுடையது என்று துணிதல் ஒண்ணாது. அது கிடைத்த இடமும் உடன் கிடைத்த பொருளும் தெரிந்தாலன்றி அக்கல் ஊமையே.

நம் மொழியும் இவ்வாறு கைமாறிய கருவிகளால் நிறைந்தது. 'துப்பாக்கி' துருக்கிச் சொல்லின் வழிவந்தது; 'சிப்பாய்' பாரசீகம். சொல்லுக்கு வேர் காணும் நாம் பொருளுக்கும் வேர் காண வேண்டாமா?

வேரறுந்தவை எத்துணை என்பதைத் தஞ்சை உணர்த்தும். 1855-இல் வாரிசின்றி அவ்வரசு முடிவுற்றபின் அரண்மனைப் படைக்கலங்களுள் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாக விற்கப்பட்டது. ஆங்கில அதிகாரி வால்ஹவுஸ் 1878-இல் அதனைப் பற்றி எழுதினார். எஞ்சியவற்றுள் சில எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. வேறு சில கடல் கடந்தன. தெற்கே பாளையக்காரர் எழுச்சிக்குப் பின் 1801 டிசம்பர் 1 அன்று வந்த கம்பெனியின் பிரகடனமோ மக்கள் கருவி வைத்திருப்பதையே தடுத்தது. இவ்வளவும் கடந்து வந்த ஒரு குடுவையோ அச்சோ நம் பரணில் கிடக்குமாயின் அதன் அருமை சொல்லவும் வேண்டுமோ?

இதனை எழுதும் நானே பிழை செய்தவள். சில ஆண்டுகளுக்கு முன் மாணவி ஒருத்தி, வீட்டில் சுண்ணாம்புக் குடுவை என்று வழங்கிய பொருளொன்றைக் கொண்டுவந்தாள். வாயில் விசைமூடி அமைந்த வெடிமருந்துக் குடுவை அது. ஆசிரியை பார்க்கப் போகிறார் என்று அவள் தாயார் அதைப் புளியிட்டுப் பொன்போல் துலக்கியிருந்தார். உள்ளே மருந்துக் கரி ஏதேனும் ஒட்டியிருந்தால் அதுவும் கழுவப்பட்டிருக்கும். கழுத்தில் ஏதோ எழுத்துகள் இருந்தன. பிறகு படிக்கலாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் வழிப்போக்கு வணிகர் ஒருவர் அதைப் பித்தளை விலைக்கு வாங்கிச் சென்றார். அது ஐதர் காலத்தது என்று அவரே சொன்னாராம். அத்தகைய விசைமூடிக் குடுவைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செஃபீல்டு, பர்மிங்காம் பட்டறைகளிலிருந்து பெருமளவில் வந்தவை. அவர் சொன்னது பொய் என்று எழுத்துகளைக் கொண்டு நிறுவியிருக்கலாம். அது அக்குடும்பத்துக்கு எவ்வாறு வந்தது என்று பாட்டியைக் கேட்டிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. தாயார் துலக்கியது அன்பினால். நான் எழுதாமல் விட்டது சோம்பலினால்.

எனவே நம் வட்டத்தார்க்கு ஒரு வேண்டுகோள். பழம்பொருள் எதுவும் கண்ணிற்பட்டால் துலக்காதீர்கள். அளவையும் எடையையும் எழுத்தையும் கிடைத்த இடத்தையும் வீட்டார் சொல்லும் கதையையும் அன்றே எழுதுங்கள். கதையைக் கதையென்றே குறியுங்கள். மண்ணுள் கிடைத்த பொருளின் மதிப்புப் பத்து ரூபாயைக் கடந்தால் ஆட்சியர்க்கு அறிவிக்க வேண்டுமென்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டு கடந்தவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. செப்பனிட்டாலும் சுட இயலாத பழந்துப்பாக்கிக்கு 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் விலக்களிக்கிறது. ஆயினும் சுட இயலுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நாமல்லர்.

பத்தாண்டுகளாகப் பாட்டைச் சேர்த்துவரும் வட்டம் இது. பாடபேதம் குறிக்காமல் ஒரு செய்யுளைப் பதிப்பிக்க நாம் ஒருப்படுவதில்லை. ஈயக்குண்டு ஒன்று கிடைத்தால் அதற்கும் அதே நேர்மையைக் காட்டுவோம். கொல்லன் பட்டறையில் கிடந்த கருவிகளை ஔவையார் பாடி வைத்ததனாலன்றோ அவற்றின் தேய்வு இன்றளவும் நமக்குத் தெரிகிறது!