வாச்சாத்தி வழக்கு

வாச்சாத்தி வழக்கு என்பது, தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தில் அரூருக்கு அருகே உள்ள வாச்சாத்தி என்னும் பழங்குடிச் சிற்றூரில், 1992 சூன் 20 அன்று அரசுப் பணியாளர்கள் நடத்திய வன்கொடுமை தொடர்பான குற்றவியல் வழக்கு ஆகும். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வெளிவர 19 ஆண்டுகள் ஆயின.

பின்னணி

சித்தேரி மலையடிவாரத்தில் அமைந்துள்ள இவ்வூரில் மலையாளி பழங்குடியினர் வாழ்கின்றனர். (இப்பெயர் மலையில் வாழ்வோர் எனப் பொருள்படும், கேரள மாநிலத்தவரைக் குறிப்பதன்று.) சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றைச் சேர்ந்தோர் ஊருக்குள் நுழைந்தனர். ஊரார் ஆலமரத்தடியில் கூட்டப்பட்டுத் தாக்கப்பட்டனர். பதுக்கிய சந்தனக் கட்டைகளைக் காட்டுமாறு கூறி ஏரிப் பக்கம் அழைத்துச் செல்லப்பட்ட 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன. தப்பியோர் பல வாரங்கள் மலையில் ஒளிந்திருந்தனர்.

பாதிக்கப்பட்ட பெண்களே கடத்தல் வழக்கில் குற்றவாளிகளாகச் சேர்க்கப்பட்டுச் சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர் என்பது இவ்வழக்கில் முதன்மையாகக் கவனிக்கத்தக்கது. முறையீடு செய்ய வேண்டிய காவல்துறையினரும் வன்கொடுமையில் பங்கேற்றிருந்தமையால், உள்ளூரில் நீதி கிடைக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லாமற் போனது.

விசாரணை

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் செய்தியை வெளிக்கொணர்ந்தனர். மார்க்சியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். சென்னை உயர் நீதிமன்றத்தை நாடுமாறு அங்கு கூறப்பட்டது. 1995-இல் உயர் நீதிமன்றம் விசாரணையை நடுவண் புலனாய்வுச் செயலகத்திடம் (சி.பி.ஐ.) ஒப்படைத்தது. வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர் என 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது.

தீர்ப்பு

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம், உயிருடன் இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. இவர்களுள் 126 பேர் வனத்துறையினர். பாலியல் வன்முறைக்காக 17 பேர் தண்டிக்கப்பட்டனர்; 12 பேருக்கு 10 ஆண்டுகளும் 5 பேருக்கு 7 ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஏனைய 54 பேர் வழக்கு நடந்த காலத்திலேயே இறந்துவிட்டனர். ஒரே வழக்கில் இத்தனை அரசுப் பணியாளர்கள் தண்டிக்கப்பட்டது இந்தியாவில் மிக அரிது.

மேல்முறையீடு

மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சு மாதம் வாச்சாத்திக்கு நேரில் சென்று பார்வையிட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று அனைத்து மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்றவே அப்பாவிகள் பலியாக்கப்பட்டனர் என்று தீர்ப்பு கூறியது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அதில் பாதியைப் பாலியல் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும், அக்காலத்து மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டது.